பேக்கர் தெருத் துரையும் நம்ம பேராண்டியும்

ஏலே பேராண்டி, மெட்ராசுக்குப் போயி துப்பறியும் ஆபீசு போடப் போறியாமே? உங்க ஆத்தா முந்தானையில மூக்கைச் சிந்திக்கிட்டே வந்து சொன்னா. "அழாத தாயி, பிள்ளை திருடப் போகல, திருடனைப் பிடிக்கத்தான் போறான்"னு தேத்தி அனுப்பியிருக்கேன். பி.காம் படிச்சுட்டு பேங்குல உக்காந்து அடுத்தவன் ரூவாயை எண்ணுறதை விட, பட்டணத்துல அடுத்தவன் பொணத்தை எண்ணுறது கௌரவமான சோலிதான்.

புத்தி சொல்லுறது கிழவன் கடமை; கேக்காம இருக்கிறது பேரன் உரிமை. அவனவன் வேலையை அவனவன் பாப்போம்.

இந்தப் பித்து உனக்கு எங்கிருந்து பிடிச்சுதுன்னு எனக்குத் தெரியும்லே. கண் ஆபரேசன் முடிஞ்சு, எதையும் படிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லி நான் கட்டில்ல கிடந்தப்ப, நீ வாங்கி வச்ச ஷெர்லாக் ஹோம்ஸ் கதையெல்லாத்தையும் உன் தங்கச்சி வாசிச்சுக் காட்டினா. பெரிய கதை 4, சின்னக் கதை 56. மிச்ச விவரத்தை லைப்ரரித் தம்பி தேடிக் குடுத்தான். ஆகக்கூடி, லண்டன் பட்டணத்துல எந்தச் சந்துல எந்த மனுசன் செத்துக் கிடந்தான்கிற வரைக்கும் எனக்கு அத்துப்படி. நம்ம தாலுகா ஆபீசு எந்தத் தெருவுல இருக்குன்னுதான் மறந்து போச்சு.

கதை நல்லாத்தான் இருக்கு. ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுக் கேட்டேன். அதனாலதான் சொல்லுதேன், கடையைத் திறக்குறதுக்கு முன்னாடி சில சாமானைச் சேகரம் பண்ணிக்கோ.

மொதல்ல ஒரு வாட்சன் வேணும். மேசை நாற்காலியெல்லாம் அப்புறம் வாங்கிக்கிடலாம். ஆப்கானிஸ்தான் சண்டையில குண்டடி பட்டு, பென்சன் வாங்கிக்கிட்டு, படிச்ச டாக்டரா இருந்தும் பக்கத்துல இருக்கிறவன் எதைச் சொன்னாலும் வாயைப் பொளக்கிற ஆள் ஒருத்தன். ஷெர்லாக் துரை, எவனோ ஒருத்தன் செருப்புல ஒட்டின சேத்தைப் பாத்து, நீ இன்ன ஊர்லேருந்து வாரேங்கிறாரு. வாட்சன் "ஆகா"ங்கிறாரு. அந்த "ஆகா" இல்லேன்னா துரை சொன்னது வெறும் சேத்து விவகாரம். 60 கதையில 56 வாட்சன் வாயாலதான் வருது. ரெண்டே ரெண்டுலதான் துரை தானே பேனாவைப் பிடிச்சுப் பாத்தாரு. அதுல ஒண்ணுல, கடலோரத்துல ஒரு வாத்தியாரு முதுகெல்லாம் சவுக்கடித் தடத்தோட விழுந்து சாகுதாரு. கொலைகாரன் யாருன்னு கடைசியில பாத்தா, கடல்ல மிதக்குற சொறி, அதாம்லே ஜெல்லி மீன்! கைவிலங்கை எங்க மாட்டுறது? வாட்சன் இல்லாமத் தொழில் பண்ணா அதுதான் கதி.

அடுத்தது உடுப்பு. காதை மூடுற தொப்பி ஒண்ணும் வளைஞ்ச சுங்கான் ஒண்ணும் ஆன்லைன்ல சொல்லி வச்சிருக்கியாமே, கொரியர்காரன் எங்கிட்டதான் வழி கேட்டான். அந்தத் தொப்பி மான் வேட்டைக்குப் போறவன் போடுறது. சிட்னி பேஜட்டுங்கிற படக்காரரு, துரை வெளியூரு போற கதைக்குப் படம் போட்டப்ப அதைத் தலையில மாட்டி விட்டாரு. பட்டணத்துக்குள்ள அதைப் போட்டுக்கிட்டு நடந்திருந்தா லண்டன்காரனே சிரிச்சிருப்பான். வளைஞ்ச சுங்கானைப் பிரபலமாக்கினது வில்லியம் கில்லெட்டுங்கிற அமெரிக்க நாடகக்காரரு. 1899ல அவரு துரை வேசம் கட்டி மேடை ஏறினாரு. நாடகத்துல துரைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலாமான்னு அவரு கேட்டு அனுப்ப, கதை எழுதின கானன் டாயில், கட்டி வச்சாலும் சரி, கொன்னு போட்டாலும் சரின்னு பதில் குடுத்துட்டாரு. "எலிமெண்டரி, மை டியர் வாட்சன்"னு நீ கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாக்கிற வசனம் இருக்கே, அது 60 கதையில எங்கயும் அப்படியே கிடையாது. நீ காப்பியடிக்கப் போறது துரையை இல்லலே, துரை வேசம் கட்டினவனை. மெட்ராசு சித்திரை வெயில்ல காதை மூடிக்கிட்டு நின்னேன்னா, கொலைகாரன் வரதுக்கு முன்னாடி ஆம்புலன்சு வந்துரும்.

வீடும் பாக்கணும்லா? துரைக்கு பேக்கர் தெருவுல 221பி. கதை எழுதின காலத்துல அந்தத் தெருவுல அம்புட்டுப் பெரிய கதவெண்ணே கிடையாது. வீட்டு வரி கட்டாம மாநகரத்துல காலந்தள்ளின ஒரே மனுசன் அவருதான். பின்னாடி அந்த எண்ணு வந்த இடத்துல ஒரு வீட்டுக்கடன் கம்பெனி குடியேறுச்சு. துரைக்கு வந்து குவியுற கடுதாசிக்குப் பதில் எழுதவே அவங்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வச்சிருந்தாங்கன்னா பாத்துக்கோ. இல்லாத துரையால ஒருத்தர் வீட்டுல அடுப்பெரிஞ்சுது. இருக்கிற உன்னால நம்ம வீட்டுல எரியுமான்னு யோசி.

இனி தொழில் ரகசியத்துக்கு வருவோம். "காலி வீடு"ன்னு ஒரு கதை, 1903ல வந்தது. பார்க் லேன்ல ரொனால்ட் அடேருங்கிற இளவட்டம் பூட்டின ரூமுக்குள்ள குண்டடி பட்டுச் செத்துக் கிடக்கான். துரை அருவியில விழுந்து போயிட்டாருன்னு வாட்சன் மூணு வருசமா நம்பிக்கிட்டிருக்காரு. அவரு முன்னாடி பழைய புஸ்தக வியாபாரியா கூன் போட்டுக்கிட்டு வந்து, அவரு தலையைத் திருப்பி மீளுறதுக்குள்ள வேசத்தைக் கலைச்சு நிக்காரு துரை. வாட்சன் மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. ஏம்லே, உயிரோட வந்தவன் கதவைத் தட்டி "நாந்தாம்ப்பா"ன்னு சொன்னா ஆகாதாக்கும்?

அதோட விட்டாரா? தன் உருவத்துல மெழுகுச் சிலை செஞ்சு ஜன்னல் பக்கம் வச்சாரு. நிழல் அசையணும்னு வீட்டுக்கார ஹட்சன் அம்மாவைக் கால் மணிக்கு ஒருக்க முட்டி போட்டுத் தவழ்ந்து வந்து சிலையைத் திருப்ப விட்டாரு. எதிர்வீட்டுல காத்துத் துப்பாக்கியோட மொரான்னு ஒரு கர்னல். வாடகைக்கு வீடு விட்ட பாவத்துக்கு அந்தம்மா குண்டுக்குக் கீழ தவழுது. சிலையைச் சுட்டு கர்னல் அகப்பட்டான். பேரு துரைக்கு, முட்டி வலி அம்மாவுக்கு. நீயும் பட்டணத்துல வீடு பிடிக்கையில வீட்டுக்காரம்மா முட்டி எப்படின்னு விசாரிச்சுட்டு அட்வான்சு குடு.

1913ல வந்த இன்னொரு கதையில சாகக் கிடக்கிற நோயாளி வேசம். தங்கச்சி மகனையோ அண்ணன் மகனையோ நோய்க்கிருமியை ஏத்திக் கொன்ன கல்வர்ட்டன் ஸ்மித்துங்கிறவனை வாயைத் திறக்க வைக்கணும். அதுக்கு மூணு நாளு பச்சைத் தண்ணி பல்லுல படாம, நெத்தியில வாசலின், கன்னத்துல சிவப்பு மை, உதட்டோரம் தேன்மெழுகுன்னு பூசிக்கிட்டு, கடல் முழுக்க ஏன் சிப்பி நிறையலேன்னு உளறுதாரு. கூட்டாளி டாக்டரு நாடி பிடிச்சாப் பொய் வெளுத்துருமேன்னு, கிட்ட வராதேன்னு விரட்டுதாரு. "ஆறு நெப்போலியன்" கதையிலயோ, ஒரு ஆளைக் கழுத்தறுத்துக் கொன்ன விவகாரம் கடைசியில பிளாஸ்டர் பொம்மைக்குள்ள இருந்த கருமுத்துல வந்து முடியுது. துரை பொம்மையை உடைச்சு முத்தை எடுத்துக் காட்டுதாரு. இன்ஸ்பெக்டரு லெஸ்ட்ரேடும் வாட்சனும் கை தட்டுதாங்க. துரை குனிஞ்சு வணக்கம் போடுதாரு. செத்தவனுக்கு ஒரு "ஐயோ" கிடையாது.

ஆனா நார்வுட் கதை இருக்கே, அதுலதான் தொழிலோட மர்மமே இருக்கு. லண்டன் ஓரத்துல ஓல்டேக்கருங்கிற கட்டட காண்டிராக்டரு செத்துட்டதா எல்லாரும் நம்புதாங்க. ஒரு சின்ன வக்கீலு கழுத்துல தூக்குக் கயிறு விழப் போகுது. துரை என்ன செஞ்சாரு? வீட்டுக்குள்ள நடந்து அளந்தாரு. மாடியில ஒரு தாவாரம் கீழ்த் தாவாரத்தை விட ஆறடி குறையுது. அந்த ஆறடியில ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். முடிஞ்சுது துப்பு! போயி சுவரைத் தட்டி ஆளை வெளிய இழுத்திருக்கலாம். துரைக்கு அது ருசிக்கல. வைக்கோலைக் கொளுத்தி, போலீசுக்காரங்களை விட்டு "தீ, தீ"ன்னு கத்த வச்சு, எலி வளைக்குப் புகை போடுற நம்ம ஊருக் கிழவன் கணக்கா ஆளைக் கிளப்பினாரு. லெஸ்ட்ரேடைக் கொஞ்சம் திகைக்க வைக்க ஆசைப்பட்டதா அவரே ஒத்துக்கிடுதாரு.

இதைக் குறிச்சு வச்சுக்கோ பேராண்டி. அளந்தது துப்பு, புகை போட்டது கூத்து. நீ பட்டணத்துக்கு எடுத்துட்டுப் போகப் போறது அளவுகோலா, வைக்கோலா?

இன்னொண்ணு. தெரிஞ்சவன் பக்கத்துல இருக்கையில அவனுக்கே பாடம் எடுத்துராத. "புள்ளிப் பட்டை"ன்னு 1892ல ஒரு கதை வந்துச்சு. கல்கத்தாவுல தொழில் பாத்த ஒரு டாக்டரு நம்ம நாட்டுப் பாம்பை இரும்புப் பெட்டிக்குள்ள வளக்காரு. கிண்ணத்துல பால் வைக்காரு. மணிக்கயிறு வழியா இறக்கி விட்டு, விசில் அடிச்சுத் திருப்பிக் கூப்பிடுதாரு. உன் தங்கச்சி வாசிக்க வாசிக்க நான் சிரிச்ச சிரிப்புல கண்ணுல விட்ட மருந்து வெளிய வந்துட்டு. பாம்புக்கு வெளிக்காது கிடையாது; விசில் கேட்டு ஓடி வர அது என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? பால் அதுக்கு ஆகாரமே இல்லே. நம்ம பொம்பளைக புத்துல ஊத்துறது பக்தி. பாம்பு குடிச்சதுக்குக் கணக்கு எவன்கிட்டயும் கிடையாது. லண்டன்ல உள்ளவனுக்குப் பாம்பு தெரியாது, அதனால துரை ஜெயிச்சாரு. அதே கதையை நம்ம களத்துமேட்டுல சொல்லியிருந்தா ஊரே கூடிச் சிரிச்சிருக்கும்.

போலீசு விசயத்துக்கு வா. கதையில போலீசுக்காரன் மண்டு. ஏன் தெரியுமா? வெறும் கற்பனை இல்லே அது. 1877ல லண்டன் துப்பறியும் பிரிவுப் பெரிய ஆளுங்களே மோசடிக் கும்பல்கிட்டக் கைநீட்டி மாட்டி, கோர்ட்டு வாசல்ல நின்னாங்க. அதுக்கு மறு வருசந்தான் சி.ஐ.டி.ன்னு புதுசாப் பிரிச்சு அமைச்சாங்க. அந்தக் கோவத்துல இருந்த சனத்துக்கு, சட்டைப் பையில இருந்து உண்மையை எடுத்துப் போடுற ஒரு தனி மனுசன் தேவைப்பட்டான். டாயிலு குடுத்தாரு. 1887ல மொத கதை அச்சாச்சு. எழுதின கூலி 25 பவுண்டு, உரிமையும் சேத்து அம்புட்டுத்தான்.

மறு வருசம் என்னாச்சு? 1888, ஆகஸ்டு கடைசிலேருந்து நவம்பருக்குள்ள, அதே லண்டன்ல ஒயிட்சாப்பல் பக்கம் ஏழைப் பொம்பளைக அஞ்சு பேரை எவனோ அறுத்துப் போட்டான். அந்தப் பேட்டை வியாபாரிக ஒரு கமிட்டி போட்டு, காசு குடுத்துத் தனியார் துப்பறிவாளரையும் அமத்திப் பாத்தாங்க. பத்திரிகைக்காரன் அவனுக்கு ஒரு பட்டப்பேரைப் பரப்பினான், பொய்க் கடுதாசி மலையாக் குவிஞ்சுது. ஆளு இன்ன வரைக்கும் அகப்படல. இதுல எனக்கு நையாண்டி வரமாட்டேங்குதுலே. கூத்து எம்புட்டு நடந்துச்சு. அந்த அஞ்சு பேருக்கு ஒண்ணும் நடக்கல.

பின்ன நிசக் கொலையை எவன் கண்டுபிடிச்சான்? கேளு. கல்கத்தாவுல அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ்னு ரெண்டு சப்-இன்ஸ்பெக்டருங்க. ஒருத்தர் தலையிலயும் வேட்டைத் தொப்பி கிடையாது. ரூமுக்குள்ள உக்காந்து கைரேகைச் சீட்டை ரகம் ரகமாப் பிரிச்சு, வேணுங்கிறதை உடனே எடுக்கிறதுக்கு ஒரு கணக்கைக் கண்டாங்க. 1897ல அங்க கைரேகை ஆபீசே திறந்தாச்சு. பேரு மட்டும் மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போச்சு. அவரு லண்டனுக்குப் போயி 1901ல ஸ்காட்லாண்டு யார்டுலயும் அதை ஆரம்பிச்சாரு. 1905ல டெட்ஃபோர்டுல ஒரு பெயின்ட் கடை நடத்தின புருசன் பொண்டாட்டியை அடிச்சுக் கொன்ன வழக்கு. காசுப்பெட்டித் தட்டுல ஒரு பெருவிரல் தடம். அதை வச்சு ஸ்ட்ராட்டன் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் தூக்குல போட்டாங்க. உங்க பாட்டி பத்திரத்துல பெருவிரலை உருட்டினப்ப "கைநாட்டு"ன்னு சிரிச்சியே, அந்தக் கைநாட்டுதாம்லே லண்டன்ல கொலைகாரனைக் காட்டிக் குடுத்துச்சு. அங்க கை தட்ட ஒரு வாட்சன் கிடையாது. சீட்டை அடுக்கின குமாஸ்தாதான் இருந்தான்.

டாயிலே நிசத்துல துப்பறிஞ்சும் பாத்தாரு. பம்பாய்ப் பார்சி வழியில வந்த ஒரு பாதிரியாரு மகன் ஜார்ஜ் எடல்ஜி, வக்கீலு. ராத்திரி இருட்டுல குதிரையை அறுத்தான்னு 1903ல அவருக்கு ஏழு வருசம் தண்டனை. மூணு வருசத்துல வெளிய விட்டாங்க, களங்கம் போகல. டாயிலு அவரை ஒரு ஓட்டல் தாவாரத்துல தூரத்துல இருந்து பாக்காரு. மனுசன் பேப்பரை முகத்துல ஒட்ட வச்சுப் படிக்காரு. இம்புட்டுக் கிட்டப்பார்வைக்காரன் நடு ராத்திரியில வேலி தாண்டி எப்படிப் போவான்? பாத்தது ஒரு நிமிசம். அதுக்கப்புறம் மாசக் கணக்கா எழுதி எழுதித்தான் 1907ல மன்னிப்பு வாங்க முடிஞ்சுது. நட்ட ஈடு ஒத்தப் பைசா கிடையாது. கிளாஸ்கோவுல ஒரு கிழவியைக் கொன்னதா உள்ள போன ஆஸ்கார் ஸ்லேட்டருக்காக 1912ல புஸ்தகம் போட்டாரு. தீர்ப்பு ரத்தாக 1928 ஆச்சு. நிசக் கொலைகாரன் கடைசி வரைக்கும் அகப்படல. வெளிய வந்த ஸ்லேட்டரு செலவுத் தொகைக்காக டாயிலோடயே மல்லுக்கு நின்னாரு. எந்தக் கதையிலயாவது கட்சிக்காரன் துரையோட ரூவாய்க்குச் சண்டை போட்டுருக்கானா? உன் தொழில்ல அதுதான் தினப்படி நடக்கும்.

இம்புட்டுக் கூர்மையான அந்த மனுசன், ரெண்டு சின்னப் பிள்ளைககிட்ட ஏமாந்த கதை தெரியுமா? காட்டிங்லிங்கிற ஊர்ல 1917ல ரெண்டு பிள்ளைக, தேவதைகளோட நின்னு எடுத்த போட்டோன்னு காட்டினாங்க. டாயிலு நம்பி, 1920ல பத்திரிகையில எழுதி உலகத்துக்கே சொன்னாரு. 1983ல கிழவிகளாகி ஒத்துக்கிட்டாங்க, காகிதத்துல வரைஞ்சு வெட்டித் தொப்பி ஊசியில குத்தி வச்சதுன்னு. படத்தை எதுலேருந்து பாத்து வரைஞ்சாங்க? ஒரு பிள்ளைக புஸ்தகத்துலேருந்து. அதே புஸ்தகத்துல டாயிலு எழுதின கதையும் இருக்கு! தன் வீட்டு அலமாரியைத் துப்பறிஞ்சிருந்தாப் போதும். ஆனா நான் அவரைச் சிரிக்க மாட்டேன். 1918ல மகனையும் மறு வருசம் தம்பியையும் பறிகுடுத்த மனுசன். செத்தவங்க எங்கயோ இருக்காங்கன்னு நம்ப ஆசைப்பட்டாரு. அடுத்தவன் துக்கத்தைப் பாத்தப்ப அந்தக் கண்ணு தப்பல. தன் ஆசையைப் பாத்தப்பத் தப்பிருச்சு. கெட்டிக்காரன் கண்ணு ஏமாறுற இடம் அதுதாம்லே.

துரைக்கே அது தெரியும். 1893ல வந்த "மஞ்சள் முகம்" கதையில, பழைய புருசன் வந்து மிரட்டுதான்னு துரை கச்சிதமாக் கணக்குப் போட்டாரு. கடைசியில பாத்தா மிரட்டலும் இல்லே, புருசனும் இல்லே. கறுப்பின அப்பனுக்குப் பிறந்ததை ஊரு என்ன சொல்லுமோன்னு ஒரு தாய் மறைச்சு வச்ச சின்னப் பொம்பளப் பிள்ளை, துரை முகமூடியைக் கழட்டினதும் சிரிக்கு. துரை வாட்சன்கிட்டச் சொல்லுதாரு, எனக்கு மண்டைக்கனம் ஏறினா காதுல "நார்பரி"ன்னு அந்த ஊரு பேரைச் சொல்லுன்னு. 60 கதையில நீ மனப்பாடம் பண்ண வேண்டியது அது ஒண்ணுதான்.

அப்ப உன் காதுல நார்பரி சொல்ல யாரு இருக்கா? வாட்சனுக்கு மாசச் சம்பளம் குடுக்க உன்னால ஆகாது. வீட்டுல ஒரு ஆள் இருந்தா, சம்பளமே இல்லாம நாளைக்கு நாப்பது தடவை சொல்லும். உங்க பாட்டி எனக்கு அப்படிச் சொல்லித்தான் நான் இம்புட்டு அடக்கமானவனா இருக்கேன்.

அதனாலதான் உங்க அப்பன் ஒரு இடம் பாத்திருக்கான். முறுக்காத, முழுசாக் கேளு. பொண்ணு வீட்டுல உன்னைப் பத்தி விசாரிக்க ஒரு துப்பறியும் ஆபீசுக்குப் பணம் கட்டியிருக்காங்க. இன்னிக்கு அந்த ஆபீசுகளுக்குச் சோறு போடுறது கொலை இல்லலே, கல்யாணந்தான். மாப்பிள்ளை குடிப்பானா, கடன் இருக்கா, வேற தொடுப்பு உண்டா, இதுதான் கேசு. அந்த ஆபீசுக்காரங்களுக்கு ஒருத்தனைப் பிடிக்கவோ ஒரு வீட்டைச் சோதிக்கவோ சட்டத்துல அதிகாரம் கிடையாது. அவங்களை ஒழுங்குபடுத்த 2007ல மாநிலங்களவையில கொண்டு வந்த மசோதாகூடச் சட்டமாகல.

நேத்து ஒருத்தன் நம்ம டீக்கடைக்கு வந்தான். பருத்தி ஏவாரின்னான். கடை முன்னாடி தாட்டுத் தாட்டாப் பருத்தி அடுக்கி இருக்கு. ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து இழை இழுத்துப் பாக்கல. அப்படிப்பட்ட ஏவாரியை இந்தக் கரிசல்ல எவன் கண்டான்? மொத வாய் டீக்கு முன்னாடியே "உங்க பேரன் எப்படி"ன்னு கேக்கான். வேசம் கட்டுறவன் எல்லாருக்கும் ஒரே வியாதிதான், ஆளு யாருன்னு நினைப்பான், ஆளு என்ன செய்வான்னு நினைக்க மாட்டான். நான் ஒண்ணும் காட்டிக்கிடல. வடை வாங்கிக் குடுத்து, பருத்தி விலையை அவன் கொட்டாவி விடுற வரைக்கும் பேசிட்டு, உன்னைப் பத்தித் தங்கமான பையன், பொய் சூது தெரியாது, பேங்குப் பரீட்சைக்கு ராவும் பகலும் படிக்கான்னு சொல்லி அனுப்பியிருக்கேன். எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டான்.

துப்பறியும் ஆபீசு போடப் போறதை மட்டும் நான் சொல்லல. அந்தத் தொப்பியைத் திருப்பி அனுப்பிரு. பொண்ணு வீட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை வாராங்க.